நிற்கிற இடம்

மகளுக்கு இனி வீட்டிலேயே சொல்லித்தருவது என்று முடிவான வாரம், சுகந்தி வீட்டைப் புரட்டிப்போட்டாள். செருப்பு அலமாரி தேய்த்துக் கழுவப்பட்டுப் புத்தக அலமாரியானது. இஸ்திரி மேசையில் உலக வரைபடம் விரிந்தது. அஞ்சறைப்பெட்டிக்குள் கிரேயான்களும் ரப்பரும் ஷார்ப்னரும் ஏறி உட்கார, கடுகும் சீரகமும் ஜாம் பாட்டில்களுக்குக் குடிபெயர்ந்தன. இடுப்பில் கைவைத்து ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். மனசு நிறைந்துவிட்டது.

எட்டு வயது நிறைமதியும் சுற்றிப் பார்த்தாள். "எல்லாம் இருக்கு. நிக்கிற இடம் எங்கம்மா?"

"எதுக்குடி நிக்கணும்?"

"ஸ்கூல்ல தப்பாப் போட்டா, மிஸ் சொல்றவரைக்கும் வெளிய நிக்கணுமே."

வாசற்கதவை ஒட்டி, சாக்பீஸால் தானே ஒரு வட்டம் போட்டாள். அவள் பாதங்கள் இரண்டுக்கும் அளவெடுத்ததுபோல் இருந்தது. அழிக்கப்போன சுகந்தி கையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் முதல் வகுப்பு. அடுப்பில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று பலகையில் எழுதிவிட்டாள் சுகந்தி.

"அம்மா, ஐம்பத்தாறு!"

சுகந்தி பலகையைப் பார்த்தாள். சாக்பீஸை வைத்துவிட்டுப் போய் வட்டத்துக்குள் நின்றாள். குதிகால்கள் கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நிறைமதிக்கு முதலில் சிரிப்பு வந்தது. குக்கர் மூன்று விசில் விட்டு அடங்கியபோது அந்தச் சிரிப்பு போயிருந்தது.

"போதும், வாம்மா."

"மிஸ் சொல்லட்டும்."

நிறைமதி வீடு முழுக்கத் தேடினாள். மிஸ் என்று அங்கே யாருமில்லை. பிறகு நாற்காலியைத் தரதரவென இழுத்துவந்து, அம்மாவின் முழங்காலுக்குப் பின்னால், வட்டத்தின் மேலேயே போட்டாள்.

"கால் வலிக்கும். உக்காந்துகிட்டே நில்லும்மா."