ஃப்ரிட்ஜுக்கு வந்த கோபம்

"அதெல்லாம் ஒரு கிளப்பா? அங்க போய் அத்தனை வருஷம் குப்பை கொட்டினேனே, என்னைச் சொல்லணும். ரசிகர்களாம் ரசிகர்கள்! ஜெயிச்சா கொட்டாவி விடுவாங்க, தோத்தா காணாமப் போயிடுவாங்க. சனிக்கிழமை அங்கதானே மேட்ச்? தைரியம் இருந்தா நேர்ல வந்து என் மூஞ்சியைப் பார்த்துப் பேசட்டும்!"

கால்பந்துப் பயிற்சியாளர் மைக்கைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். நிருபர்கள் அத்தனை பேரும் அவசரமாகச் செல்போனைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

மூன்றாவது வரிசையில் இருந்தவர் மட்டும் தட்டவில்லை. சக நிருபர்கள் அவருக்கு வைத்த பெயர் 'மோப்பம்'. கண்ணால் பார்க்காததை, காதால் கேட்காததை ஒரு வரிகூட எழுதாத மனுஷன். அவருக்கு மூக்கு அரித்தது.

அரிக்காதா பின்னே? அந்தப் பயிற்சியாளரை எல்லோரும் 'ஃப்ரிட்ஜ்' என்றுதான் சொல்வார்கள். எதிரணி அரை டஜன் கோல் போட்டாலும் சூடாகாதவர். பழைய கிளப்பைப் பற்றி யார் கேட்டாலும், "நல்ல மனுஷங்க, நல்லா இருக்கட்டும்" என்று நழுவிவிடுகிறவர். அவருக்கா இவ்வளவு கோபம்?

அந்தப் பழைய கிளப்போ இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. மேட்ச் பார்க்க ஆளே வருவதில்லை. இந்த சீசனும் இப்படியே போனால் இழுத்து மூட வேண்டியதுதான். அந்த இடத்தின் மேல் ஒரு கட்டட முதலாளி கண் வைத்திருப்பது ஊரறிந்த விஷயம்.

'சாகக் கிடக்கிறவனை மிதிக்கச் சொல்லி இவருக்கு எவன் காசு கொடுத்தான்?'

மோப்பம் பின்வாசல் வழியாக இறங்கினார். கார் நிறுத்துமிடத்தில், தூண் மறைவில் பயிற்சியாளர் போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

"பேசிட்டேன். இவ்வளவு போதுமா? பத்தலைன்னா சொல்லுங்க, மேட்சுக்கு முந்தின நாள் இன்னும் கொஞ்சம் போட்டுத் தாக்கறேன்... சேச்சே, என் பேரைப் பத்தி நீங்க ஏன் கவலைப்படறீங்க? விஷயம் வெளிய போகக் கூடாது, அவ்வளவுதான்."

மோப்பம் சத்தமில்லாமல் பின்வாங்கினார். உடனே ஆசிரியரைக் கூப்பிட்டார்.

"சார், முதல் பக்கத்துல இடம் வைங்க. ஃப்ரிட்ஜை யாரோ விலைக்கு வாங்கிட்டாங்க."

"ஆதாரம் இருக்கா?"

"சனிக்கிழமை கையும் களவுமா பிடிச்சுத் தரேன்."

சனிக்கிழமை பழைய கிளப்பின் மைதானத்தை நெருங்கவே முடியவில்லை. தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம். பயிற்சியாளர் கோட்டோரம் வந்து நின்றதுமே, "துரோகி! துரோகி!" என்று காது கிழிந்தது. அழுகின தக்காளி ஒன்று பறந்து வந்து அவர் சட்டையில் உடைந்தது. அவர் காதில் கைவைத்து, 'சரியா கேட்கலையே' என்று சைகை காட்டினார். கூட்டம் வெறிபிடித்துக் கத்தியது.

மேட்ச் டிரா. அதைப் பற்றி யாருக்குக் கவலை? வயிறாரத் திட்டின திருப்தியோடு கலைந்தார்கள்.

பயிற்சியாளர் தன் அணியோடு பஸ்ஸில் ஏறவில்லை. சட்டைகள் துவைக்கிற அறைப் பக்கம் நழுவினார். மோப்பம் பூனை நடை போட்டுப் பின்னாலேயே போய், ஒருக்களித்த கதவுக்கு வெளியே நின்று செல்போனில் ரெக்கார்டரை ஓடவிட்டார்.

உள்ளே அந்தக் கிளப்பின் செயலாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, டிக்கெட் தீர்ந்துபோய் கேட்டைச் சாத்த வேண்டியதாயிடுச்சு. நான் வந்த நாளா இப்படி ஒரு கூட்டம் பார்த்ததில்ல. பசங்களுக்குச் சம்பளம் போட்டுடலாம்."

"அப்புறம் ஏம்மா அழறீங்க?"

"உங்களைப் போய் துரோகின்னு..."

"போன வருஷமெல்லாம் நல்ல மனுஷங்கன்னுதானே சொன்னேன், வந்தாங்களா? கேலரியில காக்காதான் உட்கார்ந்திருந்துச்சு. திட்டறதுக்காவது வந்தாங்களே, விடுங்க." ஈரத் துண்டால் தக்காளியைத் துடைத்தார். "அடுத்த மாசம் கோப்பை மேட்சும் இங்கதான். இன்னொரு தடவை இதே மாதிரி நிறைஞ்சுட்டா இந்த சீசனைத் தாண்டிடலாம்."

"மறுபடியும் பேசுவீங்களா அண்ணே?"

"யாராவது கேட்டாத்தானே பேச முடியும்? நானா ஆரம்பிச்சா சந்தேகம் வந்துடும்."

மோப்பம் ரெக்கார்டரை அணைத்தார். பதிவானதையும் அழித்தார். தன் புத்தி போன போக்கை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆசிரியரிடம், "நான் நினைச்சது தப்பு சார், ஒண்ணுமில்ல" என்றார். கிடைத்த வசவை வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம், கோப்பை மேட்சுக்கு முன்னால் அதே பத்திரிகையாளர் அறை. ஒருத்தர் கோல்கீப்பரின் முழங்காலைப் பற்றிக் கேட்டார். இன்னொருத்தர் புல் ஈரமாக இருக்குமா என்று கேட்டார். பழைய கிளப் விவகாரம் ஆறின கஞ்சியாகிவிட்டது, யாரும் தொடவில்லை.

"கடைசிக் கேள்வி" என்றார்கள்.

பயிற்சியாளரின் கண் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு போனது.

மோப்பம் எழுந்தார்.

"சார், உங்க பழைய கிளப் ரசிகர்கள் உங்களைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்றாங்க. இந்தத் தடவை நீங்க மைதானத்துப் பக்கமே தலைகாட்ட மாட்டீங்களாமே?"

பயிற்சியாளர் ஒரு கணம் அவரையே பார்த்தார். அப்புறம் தண்ணீர் டம்ளர் உருளும்படி மேசையில் ஓங்கி அடித்தார்.

"எவன் சொன்னது? அத்தனை பேரையும் வரச் சொல்லுங்க! நான் அங்கதான் நிப்பேன்!"

அறை முழுக்கச் செல்போன்கள் உயிர்பெற்றன. பக்கத்து நாற்காலிக்காரர் மோப்பத்தின் காதைக் கடித்தார்.

"யோவ், இதை யாருய்யா சொன்னா? எங்க யாருக்கும் தெரியாதே?"

"என் காதாலயே கேட்டேன்யா, எழுதிக்கோ" என்றார், காதால் கேட்காததை ஒரு வரிகூட எழுதாத அந்த மனுஷன்.