விழாத எழுத்து

முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து போட்ட கணினிக் கடை. தகரக் கூரை ஓட்டைகளால் வெயில் வட்ட வட்டமாய் விசைப்பலகையில் விழுகிறது. லினக்ஸில் தமிழ் எழுத்துரு நிறுவ, கைருன்னிஸா முதன்முறையாகக் கட்டளை அடித்திருக்கிறாள். கணினி கடவுச்சொல் கேட்கிறது. தட்டத் தட்டத் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. விரல் பாதியில் நிற்கிறது. வெளியே மண்ணெண்ணெய் குறைந்து ஜெனரேட்டர் இருமுகிறது. “கீபோர்ட் செத்துப்போச்சு. வவுனியாவில ஆரிட்டையாவது குடுப்பம்,” என்று கணவன் ஜவ்பர் சுவிட்சில் கை வைக்கிறான். “கையை எடுங்கோ. அகதியாப் புத்தளத்தில ஒவ்வொண்டுக்கும் ஆள் பார்த்து நிண்டது காணும், இனிப் போதும். காட்டாட்டிப் போகட்டும், நான் அடிப்பன்.” நழுவிய முக்காட்டை இழுத்துவிட்டு, மிச்ச எழுத்துகளை ஒவ்வொன்றாய்க் குத்துகிறாள். பிறகு அவனை நேராகப் பார்த்தபடி என்டரை அழுத்துகிறாள். காட்டாமலே வாங்கிக்கொண்ட கடவுச்சொல்லைக் கணினி ஏற்கிறது; திரையில் வரிகள் ஓடத் தொடங்குகின்றன. அவள் திரைப் பக்கம் திரும்பவில்லை, அவ்வரிகளை அவன் முகத்திலேயே வாசிக்கிறாள்.