வாங்காதீங்க சார்!

"இந்தப் படகை வாங்காதீங்க சார். உங்களுக்குச் சரிப்படாது."

சொன்னது யார் தெரியுமா? அந்தப் படகை விற்பதற்கென்றே சட்டையில் கம்பெனி அட்டை குத்திக்கொண்டு நின்ற பையன்!

மரச்சாமான் கடைக்காரருக்குக் காதில் விழுந்தது சரிதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாளும் திருதிருவென்று விழித்தாள்.

வருஷா வருஷம் அந்தத் துறைமுக நகரத்தில் நடக்கிற படகுக் கண்காட்சி. இவர்கள் வந்ததென்னவோ படகு பார்க்க அல்ல, பையனைப் பார்க்க. மனைவியின் அண்ணன்தான் சொல்லியிருந்தார்: "தங்கமான பையன், படகுக் கம்பெனியில விற்பனை. வாங்க வந்த மாதிரி நின்னு நாலு வார்த்தை பேசிப் பாருங்க. யாருன்னு மட்டும் காட்டிக்காதீங்க."

ஒரே பெண். ஒரே கடை. பெட்டிக்கடை மாதிரி ஆரம்பித்து இரண்டு மாடிக்கு வளர்த்த கடை. இரண்டையும் ஒரே கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் அப்பாடா என்று சாய்ந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அதனால் மாப்பிள்ளைக்கு விற்கத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தது. இவன் என்னடா என்றால்...

"ஏன் தம்பி சரிப்படாது?"

"எங்கே ஓட்டப் போறீங்க சார்?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "எங்க ஊர் ஆத்துல" என்று அடித்துவிட்டார்.

"ஆத்துல எவ்வளவு தண்ணி ஓடும்?"

"முழங்கால் அளவு. வெயில் காலத்துல கொஞ்சம் கம்மி."

"இது அடிப்பக்கம் ஆழமா இறங்கற படகு. மணல்ல சிக்கிக்கும். அப்புறம் கரையில நிறுத்தி வச்சுத் துணிதான் காயப்போடணும்."

மனைவி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவர் முறைத்தார். தரதரவென்று அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"என்னடி இவன்? தானா வர்ற வியாபாரத்தை எட்டி உதைக்கிறான்! நாம யாருன்னு தெரிஞ்சுபோச்சோ?"

"தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லா வித்துக் காட்டியிருப்பானே?"

அதுவும் சரிதான். முதலாளியோடு சண்டையோ? வேலையை விடப் போகிறானோ? ஒன்றும் பிடிபடாமல் அவருக்கு மண்டை காய்ந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்ப்போம் என்று ஒரு கொடிக்கம்பத்தின் பின்னால் ஒதுங்கினார்கள்.

இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பம் வந்தது.

"கடல்ல போக ஒரு சின்னப் படகு வேணும். இவங்களையும் கூட்டிட்டுப் போவோம்."

பையன் குழந்தைகளைப் பார்த்தான். "அப்படின்னா எங்ககிட்ட இருக்கறது வேண்டாங்க. எங்க சின்னப் படகெல்லாம் ஏரிக்குத்தான், அலைக்குத் தாங்காது. எதிர் வரிசையில கடைசிக் கடைக்குப் போங்க. அகலமான படகு வச்சிருக்காங்க."

கடைக்காரருக்கு ரத்தம் கொதித்தது. போட்டிக் கடைக்கு வழி காட்டுகிறானே, பாவி! முக்காலி கேட்டு வந்தவன் தலையில் கட்டிலைக் கட்டி அனுப்புகிற மனுஷர் அவர். பொறுப்பாரா?

"பிழைக்கத் தெரியாத பயல்! இவனை நம்பிப் பொண்ணைக் குடுத்தா நடுத்தெருவுலதான் நிக்கணும்."

"மரியாதையா பேசறாங்க..."

"மரியாதையை வச்சு அடுப்பு எரியுமாடி?"

கோபம் தாங்காமல் நேரே பின்பக்கம் உட்கார்ந்திருந்த முதலாளியிடம் போனார். "பாவம், அந்தப் பிள்ளை வேலைக்கு வேட்டு வச்சுடாதீங்க" என்று மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தும் கேட்கவில்லை.

"சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்க பையன் வர்ற ஆளையெல்லாம் விரட்டி விடறான்."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

"உங்களையும் விரட்டிட்டானா? நானும் முதல் வருஷம் அவனைச் சீட்டைக் கிழிச்சு அனுப்பிடலாம்னுதான் இருந்தேன் சார்."

"அனுப்பலையே, ஏன்?"

"வேண்டாம்னு சொல்லி அனுப்பினவங்கள்லாம் அடுத்த வருஷம் மச்சான், சகலைன்னு ஆளைக் கூட்டிக்கிட்டு வந்து இவனைத் தேடறாங்க. இவன் 'வாங்குங்க'ன்னு சொல்லிட்டா யாரும் மறுபேச்சு பேசறதில்ல. வேண்டாம்னும் சொல்றவன் வாய் ஆச்சே!"



கடைக்காரர் மனைவியோடு வெளியே வந்து, படகுகள் கட்டியிருந்த கரையில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். தூரத்தில் அந்தப் பையன் யாரோ ஒரு பெரியவருக்குக் கைகொடுத்துப் படகிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குழப்பமெல்லாம் மெல்ல மெல்லத் தெளிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தா, உங்க அண்ணனுக்குப் போனைப் போடு. முன்பின் தெரியாதவங்களையே ஏமாத்த மனசு வராதவன், நம்ம பொண்ணை ஏமாத்துவானா? கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கலாம்."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்பத்தாங்க எனக்கு உயிரே வந்துது! அப்படியே கடையையும் அவர் கையில ஒப்படைச்சுட்டு நீங்க நிம்மதியா இருக்கலாம்."

கடைக்காரர் பதறிப்போய் எழுந்துவிட்டார்.

"கடையா? ஐயையோ! அந்தப் பக்கமே அவரைக் கூட்டிட்டு வந்துடாதே! முதல் நாளே வர்றவங்ககிட்ட, 'இது தேக்கு இல்லீங்க, சாயம் பூசின மட்டமான பலகை'ன்னு போட்டு உடைச்சுடுவார்!"