இரண்டு கொக்கி

சிட்னியிலிருந்து இன்ஜினியர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போனார். தமிழ்மதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சரி, சரி என்றாள்.

ரெட்டியார்சத்திரம் வீட்டு வாசலில் பந்தல் போட்டாயிற்று. அவள் கணவன் செழியனின் உடல் வந்துசேர இன்னும் நான்கு நாளாகும்.

எதிரே மாமனார் சோலைமலை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மகன் எப்படி விழுந்தான் என்று தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

சிட்னி துறைமுகப் பாலத்தின் வளைவில் செழியனைப் போலப் பெயின்ட் அடிப்பவர்களுக்கு இடுப்பில் இரண்டு கொக்கி. ஒன்றைக் கழற்றி நகர்த்தும்போது மற்றது கம்பியைப் பிடித்திருக்கும். இரண்டும் தானாகக் கழலாது. ஆளே கையால் கழற்றினால்தான் உண்டு.

இரண்டுமே கழற்றியிருந்ததாம்.

கொக்கிக் கதை அவளுக்குப் பழைய பாடம். அந்தப் பாலத்தைத் தானே கட்டியதுபோல் பேசுவான் செழியன். இரு கரையிலிருந்தும் பாதிப் பாதி வளைவை நீட்டி, விழாமல் இரும்புக் கயிறுகளால் பின்னால் இழுத்துக் கட்டி, பிறகு கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி நடுவானத்தில் சேர்த்தார்களாம். வெயிலடித்தால் உச்சி கிட்டத்தட்ட ஒரு சாண் உயருமாம். சாப்பிட்டீங்களா என்று கேட்டால் பாலத்தில் அறுபது லட்சம் ரிவெட் ஆணி என்பான்.

அவளுக்குக் கொட்டாவி வரும்.

இப்போது அழுகைகூட வரவில்லை.

அவ்வளவு கவனமான ஆள், கம்பி எட்டாத விளிம்புக்கு ஏன் போனார் என்றுதான் விளங்கவில்லை என்றார் இன்ஜினியர். உங்களிடம் ஏதாவது சொன்னாரா என்றும் கேட்டார்.

இல்லை என்று சொல்லிப் போனை வைத்தாள்.

"என்னத்தா சொல்றாரு? எம்புள்ள எப்பிடி விழுந்தானாம்?"

"கொக்கி அந்துபோச்சாம், மாமா."

சோலைமலை தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கொக்கி செய்தவனையும் அதை வாங்கிக் கொடுத்தவனையும் வாயில் வந்தபடி ஏசினார். திட்டுவதற்கு அவருக்கு ஆள் கிடைத்ததில் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாட்ஸ்அப்பைத் திறந்தாள்.

போன திங்கட்கிழமை அவள் அனுப்பியது அப்படியே இருந்தது. 'சும்மா அளக்காதீங்க. உச்சி ஓரத்துல நின்னு மூஞ்சியும் தண்ணியும் தெரியிற மாதிரி ஒரு வீடியோ அனுப்புங்க. அப்பத்தான் நம்புவேன்.'

அதற்குக் கீழே, விழுந்த அன்று அவன் அனுப்பிய வீடியோ இருந்தது. பதினொரு வினாடி.

அவள் இன்னும் அதைத் திறந்து பார்க்கவில்லை.