நெய்ப்பொங்கலுக்குப் பிறகு

பித்தப்பையை எடுத்த பின்னும் வசுமதிக்கு வலி நிற்கவில்லை. வெறும் வயிற்றில் எடுத்த ஒவ்வொரு ஸ்கேனிலும் குறையேதும் தெரியவில்லை. "எல்லாம் உன் மனசுலதான் இருக்கு, வசு" என்பான் கணவன் கதிரேசன். இன்று காலை ஸ்கேன் எடுத்த டாக்டரும் அதையே சொன்னார். அவள் நேராகக் கேன்டீனுக்குப் போய் நெய் வழியும் பொங்கலை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். வலி கிளம்பியதும் திரும்பி வந்து, வியர்வையோடு ஸ்கேன் கட்டிலில் தானே ஏறிப் படுத்தாள்.

"சாப்பிட்டா எடுக்க மாட்டோம்மா."

"சாப்பிட்டாத்தான் டாக்டர் வலிக்குது. இப்பப் பாருங்க."

காலையில் மெலிதாக இருந்த பித்தக்குழாய் திரையில் உப்பி நின்றது. "குழாயோட அடியில வாய் தெறக்கல போலிருக்கே, பித்தம் இறங்காம தேங்குது..." என்று முனகினார் டாக்டர்.

கூட வந்து கட்டிலருகே நின்ற கதிரேசன் அவள் கையைத் தேடினான். அவள் தரவில்லை.

"திரையை இவர் பக்கம் திருப்புங்க டாக்டர். என் மனசு எங்க இருக்குன்னு பாக்கட்டும்."