வரிசையில் பிடித்து வைத்த இடம்

லொரேன் சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்தே கையை ஆட்டினாள்.

"என்னடி, காலங்காத்தால இங்க வந்து நிக்கிறே? எதுக்கு இவ்வளவு கூட்டம்?"

செப்டம்பர் மாதச் சனிக்கிழமை, எட்டரை மணி. நுழைவுத் தேர்வில் தேறினால்தான் சேர முடிகிற கிராமர் பள்ளியின் இரும்புக் கதவுக்கு வெளியே நூறு பிள்ளைகளாவது வரிசையில் நின்றிருப்பார்கள். ஒவ்வொரு கையிலும் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பை. அதில் இரண்டு பென்சில், ஒரு ரப்பர்.

லொரேனின் மகள் ஃபிரெயா நீச்சலுக்குப் போகிற துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள்.

பதிலுக்கு என் மகள் ஹெட்டிதான் கத்தினாள்.

"ஃபிரெயா! எவ்வளவு நேரம்டி? உனக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கேன், வா!"

தனக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் அவள் நின்றிருந்தாள். பின்னால் இருந்த பெண்மணி இரண்டு தடவை முறைத்தும் நகரவில்லை. ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தேறினால் இந்தப் பள்ளி. இல்லையென்றால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளி. இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

போன வருடம் வரை தேர்வு ஜனவரியில்தான். லொரேனின் மூத்தவன் கலம் பனியில் நடந்து வந்து, கட்டுரை எழுதித் தேறியவன். இந்த வருடம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். கட்டுரை போய், நான்கு விடைகளில் ஒன்றுக்கு நேராகப் பென்சிலால் கோடு இழுப்பது வந்தது. ஜனவரி போய் செப்டம்பர் வந்தது. பெயர் பதிவது ஜூனோடு முடிந்துவிட்டது. ட்யூஷனுக்குக் கொட்டிக் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் சம வாய்ப்பு கிடைக்கட்டும் என்றுதான் இந்த மாற்றமாம்.

எங்கள் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியருக்கு இந்தத் தேர்வே ஆகாது. இந்த மாற்றத்தைச் சொல்லி ஆளுக்கொரு கடிதத்தைப் பிள்ளைகளின் பையில் போட்டு அனுப்பியதோடு அவர் கையைக் கழுவிவிட்டார்.

ஜூனில் ஒருநாள் பள்ளி வாசலில் நிற்கும்போது லொரேன் சொன்னாள், "ஜனவரிக்கு இன்னும் நாள் கிடக்கே, லீவுக்கப்புறம் பாத்துக்கலாம்." நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊர் அம்மாக்கள் எல்லோரும் அப்படித்தான். ட்யூஷன் வாத்தியாரின் கார் வீட்டு வாசலிலேயே நிற்கும், கேட்டால் "ஒண்ணும் படிக்க வைக்கல, சும்மா எழுதிப் பாக்கட்டும்" என்பார்கள். நானும் அதையேதான் சொல்லித் திரிந்தேன்.

ஆனால் லொரேன் அந்த ரகம் இல்லை. செவ்வாய்க்கிழமைதோறும் ஹெட்டியையும் தன் சமையலறை மேஜையில் உட்கார வைத்து, கலமின் பழைய புத்தகங்களிலிருந்து பின்னக் கணக்கு சொல்லிக் கொடுத்தவள். என் மகளுக்குப் பின்னம் வந்ததே அந்த மேஜையில்தான்.

புதுமாதிரி வினாத்தாள்களை நாங்கள் எங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தோம். வெளியில் சொன்னால் ராசி போய்விடும் என்று ஹெட்டியை மிரட்டி வைத்திருந்தேன். ஃபிரெயாவின் அம்மாவும் அவளை அப்படித்தான் மிரட்டியிருப்பாள் என்று பாவம் ஹெட்டி நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஃபிரெயா வந்து அந்த இடத்தில் நின்றுகொண்டாள். ஹெட்டி தன் இரண்டு பென்சிலில் ஒன்றை அவளிடம் கொடுத்தாள். லொரேனும் சாலையைக் கடந்து வந்து, தேர்வு இன்றைக்குத்தான் என்று பின்னால் நின்ற பெண்மணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

எங்கள் முறை வந்ததும், கதவருகே நின்ற ஆசிரியை பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். திரும்பவும் ஒருமுறை பார்த்தார்.

"இந்தப் பேர் இல்லையேம்மா. ஜூன்லயே பதிஞ்சிருக்கணும். லெட்டர் குடுத்து விட்டாங்களே?"

லொரேன் மகளின் பக்கம் திரும்பினாள். "பையில போட்டுக் குடுத்தத எங்கடி தொலைச்சே?"

"நான் பாக்கவே இல்லம்மா. சத்தியமா."

"எப்பவும் இப்படித்தான்! ஒரு சாமானாவது ஒழுங்கா வீடு வந்து சேந்திருக்கா?"

வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. பென்சிலை ஹெட்டியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஃபிரெயா வரிசையை விட்டு விலகினாள்.

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன், லொரேன்," என்றேன்.

"நீ என்னடி பண்ணுவே? என் பொண்ணுக்குப் பொறுப்பு இல்ல."

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பிள்ளை திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு கல் மாதிரி நின்றேன்.

ஹெட்டி தேறினாள். கலமின் பழைய பள்ளி டையைத் தேய்த்து மடித்து, லொரேனே கொண்டு வந்து கொடுத்தாள். ஃபிரெயா ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போகிறாள். சாமான்களைத் தொலைப்பவள் என்ற பெயர் அவளுக்கு வீட்டில் நிலைத்துவிட்டது.

ஹெட்டி தன்னுடைய கடிதத்தை வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்தவள். அதனால் தேர்வு மாறியதே எனக்குத் தெரியாமல் இருந்தது. ஜூன் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, லொரேனுக்கு வேலை முடிய நேரமாகும் என்று பிள்ளைகள் இருவரையும் நான்தான் வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஃபிரெயாவின் பைக்குள் யோகர்ட் கொட்டியிருந்தது. கழுவலாம் என்று உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து வெளியே வைத்தேன்.

கடைசித் தேதியை அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் குறித்துக்கொண்டேன். ஹெட்டியின் பெயரை அதைப் பார்த்துத்தான் பதிந்தேன். எங்கள் அலமாரிக் கதவின் உட்பக்கம் அது இன்னும் ஒட்டியிருக்கிறது. கிழித்துப் போடவும் கை வரவில்லை.

மேல் வரியில் பச்சை மையில் எழுதியிருக்கிறது: ஃபிரெயா டன்மோரின் பெற்றோருக்கு.