காரணம் எழுதும் இடம்

"ரெம்பாவ் தோட்டத்துக் கம்ப்யூட்டர் லைனை மூடிடு தம்பி. தோட்டம் கைமாறிடுச்சு," என்றார் மேனேஜர் நாகநாதன்.

சந்திரனின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றுவிட்டன.

அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான் அவன் பிறந்தான். அப்பா வீரமுத்து இன்னும் அங்கேதான் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறார்.

சிரம்பான் தலைமை அலுவலகமும் தோட்டத்து ஆபீஸ்களும் டெலிபோன் வழியே கம்ப்யூட்டரில் பேசிக்கொள்ளும் நிரலை எழுதியவன் சந்திரன். பால் கணக்கு, ஆள் கணக்கு எல்லாம் அதில்தான் ஓடும். நடுநடுவே கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் சிறு செய்திகளை அனுப்பிக்கொள்ளும். 'இருக்கிறாயா?' 'இருக்கிறேன்.' கடைசியில், 'மூடுகிறேன்.' எதிர்ப்பக்கமும் 'மூடுகிறேன்' என்றால்தான் இணைப்பு முறையாக அறுபடும்.

மூடும் செய்தியோடு ஒரு வரி காரணமும் எழுதலாம்.

"காரணத்தைக் காலியா விட்டுடு. இப்போதைக்கு அங்க யாருக்கும் தெரிய வேணாம்லா," என்றார் நாகநாதன்.

ஏன் என்று சந்திரனுக்குத் தெரியும். போன வருடம் லுக்குட் பக்கம் ஒரு தோட்டத்தில் இதுதான் நடந்தது. 'வீட்டை நாங்களே காலி செய்கிறோம்' என்று லயத்து ஆட்களிடம் முதலில் கையெழுத்து வாங்கினார்கள். விற்ற சேதி பிறகுதான் வந்தது. கையெழுத்துப் போடாத சில குடும்பங்களுக்கு மட்டும் யூனியன் போராடி வீடு வாங்கித் தந்தது.

நாகநாதன் ஜன்னல் பக்கம் திரும்பி சிகரெட் பற்றவைத்தார்.

சந்திரன் காரணம் எழுதும் இடத்தில் மலாயில் வேகமாக அடித்தான். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அந்த முனையில் இருப்பவர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி இராஜமாணிக்கம். அப்பாவோடு தோட்டத்துப் பள்ளியில் படித்தவர். அவர் கண்ணில் பட்டால் போதும், சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும்.

அனுப்பினான்.

'மூடுகிறேன்' என்று பதில் வந்தது.

அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தவனுக்கு அப்புறம்தான் உறைத்தது. ஒரு மனிதர் அந்த வரியைப் படித்து முடிக்கும் நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

பதில் சொன்னது கிராணி அல்ல.

சிறு செய்திகள் திரையில் குறுக்கே வந்து தொல்லை தருகின்றன என்று கிராணிகள் குறைபட்டுக்கொண்டதால், நிரலே அவற்றைப் படித்து, பதில் சொல்லி, அழித்துவிடும்படி செய்திருந்தான். அவன் கைவேலைதான். பதற்றத்தில் மறந்துபோயிருந்தது.

இணைப்பு அறுந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"எங்க தம்பி கெளம்பிட்ட?"

"ரெம்பாவுக்கு சார். அப்பாவைப் பாக்கணும்."

நாகநாதன் அவன் பக்கம் திரும்பினார். சிகரெட்டை அணைத்தார்.

"மெதுவாவே போ. கையெழுத்தெல்லாம் காலையிலயே வாங்கியாச்சு."

சந்திரன் கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றான்.

"ஆளுங்க ரொம்பத் தயங்குனாங்களாம். உங்கப்பாதான் மொத ஆளா போட்டுட்டு, மத்தவங்களுக்கும் தைரியம் சொல்லியிருக்காரு," என்றார் நாகநாதன். "'எம்மவன் பெரிய ஆபீஸ்லதான் இருக்கான். ஏதாவது வம்புன்னா எனக்குச் சொல்லாம இருப்பானா'ன்னு."